போரில் நின்றவர்களுக்கு உளவளத்துணை: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு காலத்தில் ஆயுதம் தூக்கியவர்கள் பயமில்லாமல் போய்க் கதைக்க, அவர்களுடைய ஊருக்குக் கிட்டவே உளவளத்துணை வேண்டும் என்று நாங்கள் சிலர் கேட்டு வருகிறோம். கூட்டங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை எழுதி வைத்துவிடலாம் என்று பட்டது. கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் மனைவிமாரும் தாய்மாரும்தான். அதனால் பல பதில்கள் அவர்களைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன.

யாருக்காகக் கேட்கிறீர்கள்? இயக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமா?

இல்லை. புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள், அதற்கு முன்பே வேறு இயக்கங்களுக்குப் போனவர்கள், 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்த பிறகு அரச பக்கம் நின்றவர்கள், இராணுவத்திலும் பொலிஸிலும் இருந்து வந்தவர்கள், அம்பாறையின் முஸ்லிம், சிங்களக் கிராமங்களில் ஊர்காவல் படையில் துவக்கோடு இரவுக் காவல் நின்றவர்கள் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள்.

இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வருகிறது. "அவனுகளோட எங்களையும் ஒண்டாச் சேர்க்கிறீங்களா?" என்று இரண்டு பக்கத்திலும் கேட்டிருக்கிறார்கள். கோபம் நியாயமானதுதான். 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த முஸ்லிம் மக்கள் படுகொலைகளை யாரும் மறக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலும், 1991 ஜூனில் கொக்கட்டிச்சோலையிலும் நடந்த தமிழ் மக்கள் படுகொலைகளையும் மறக்க வேண்டியதில்லை. யார் பதில் சொல்ல வேண்டும் என்பது நீதிமன்றத்தின் வேலை, அது நடக்கட்டும். கிளினிக்கின் வேலை வேறு. நித்திரை இல்லாமல் வருகிறவனிடம் "எந்தப் பக்கம் நின்றாய்?" என்று கேட்டுவிட்டு மருந்து எழுதும் ஏற்பாடு எங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2004 ஏப்ரலில் வெருகல் சண்டைக்குப் பிறகு கிழக்கின் புலிப் படையணிகள் கலைந்து வீடு திரும்பியவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் ஏராளம். அவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சின்ன வயதில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒருவரைப் "போராளி" என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

போர் முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டது. இப்போது ஏன் இந்தப் பேச்சு?

கிழக்கில் பெரிய சண்டை 2007 ஜூலையில் குடும்பிமலை படையினர் கையில் விழுந்ததோடு ஓய்ந்தது. நாடு முழுவதும் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் மனக்காயத்துக்கு இந்தத் தேதிகள் தெரியாது. பலர் முதல் பத்து வருடங்களை வீடு கட்டுவதிலும் கடன் அடைப்பதிலும் ஓட்டிவிட்டார்கள். வேலை ஓய்ந்து, உடம்பும் தளர்கிற வயதில்தான் பழையது மேலே வருகிறது. சிலருக்குத் தன் பிள்ளை, தான் இயக்கத்துக்குப் போன அதே வயதைத் தொடும்போது தொடங்குகிறது.

வெளியில் இருந்தும் தூண்டல்கள் வரும். 2019 ஏப்ரல் 21ஆம் தேதி மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு மீண்டும் சோதனைச் சாவடி, மீண்டும் சுற்றிவளைப்பு. அந்த மாதங்களில் நித்திரை போனவர்கள் பலர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. வயலுக்குள் யானை வந்தால் இரவில் யானை வெடி போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது வெறும் யானை வெடி. பழைய சண்டைக்காரனுக்கு உடம்பு முழுக்க விழித்துக்கொள்ளும். பிறகு விடியும்வரை கண் மூடாது. வயல் வெட்டு அடுத்தடுத்து வருகிற காலத்தில் வாரக்கணக்கில் இப்படியே போகும்.

என் கணவருக்கு இருப்பது இந்த மனக்காயம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மருத்துவத்தில் இதை மனவடு நோய் (PTSD) என்பார்கள். அதுதானா என்று முடிவு செய்வது டொக்டரின் வேலை. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

நடந்தது மறுபடி நடப்பதுபோல் வரும். கனவாக வரும், பகலிலும் திடீரென்று வரும். டீசல் மணம், ஹெலிகொப்டர் சத்தம், பச்சை நிற வாகனம் போதும். அதனால் அவர் சில இடங்களையும் ஆட்களையும் பேச்சுகளையும் தவிர்ப்பார். திருவிழாவுக்கு வரமாட்டேன் என்பார். காரணம் கேட்டால் சண்டை பிடிப்பார். எப்போதும் காவல் நிற்பதுபோல் இருப்பார்: கதவைப் பார்த்தே உட்கார்வார், இரவில் நாலு தரம் எழும்பி வளவைச் சுற்றி வருவார், பின்னால் இருந்து தொட்டால் கை ஓங்கிவிடுவார். எல்லாவற்றையும்விட வீட்டாருக்கு வலிப்பது நான்காவது அறிகுறி: பிள்ளை பரீட்சையில் நல்லாச் செய்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. அன்பில்லை என்று நினைத்துவிடுவார்கள். அதுவும் அந்த நோயின் ஒரு முகம்.

இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குழப்பினால் வைத்தியரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் இதை மனவருத்தம் என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கால் விறைப்பு, "யோசனை கூடிப்போச்சு" என்றுதான் வருவார்கள். பனடோல் கொடுத்து அனுப்பிவிடாமல் "நித்திரை எப்படி?" என்று ஓபிடியில் ஒரு டொக்டர் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்படியென்றால் விசரா?

இல்லை. தாங்க முடியாததைத் தாங்கிய மூளை இன்னும் காவல் கடமையில் இருந்து இறங்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவத்தில் இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. முழுக்கச் சுகமானவர்களும் இருக்கிறார்கள்.

எவ்வளவு சொன்னாலும் வர மறுக்கிறார். ஏன் இந்தப் பிடிவாதம்?

வெட்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். கருத்தரங்குகளிலும் அதையே சொல்கிறார்கள்: மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, மனநோய் என்றால் கூச்சம், ஆகவே துண்டுப்பிரசுரம் அடிப்போம். வெட்கமும் இருக்கிறதுதான். ஆனால் நாங்கள் கதைத்த ஆண்களிடம் அதற்கு முன்னால் வேறொன்று நிற்கிறது: "போனா பேரை எழுதுவானுகள்."

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சுற்றிவளைப்பில் ஊரை மைதானத்தில் இருத்தி, முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் வரிசையாக நடத்தினார்கள். தலை அசைந்தால் போனவன் போனவன்தான். இயக்கத்துக்குள்ளும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மேலே சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. வாயைத் திறந்து கெட்டவர்கள் அங்கும் உண்டு. 2009க்குப் பிறகு ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்குள் போய் வந்தார்கள். வெலிக்கந்தைப் பக்கத்து முகாம்களிலும் பலர் இருந்தார்கள். அங்கேயும் "ஆலோசனை" என்ற பெயரில் வகுப்புகள் இருந்தன. யூனிபோர்ம் போட்டவர்கள் நடத்தும் இடத்தில் மனதைத் திற என்றால் யார் திறப்பார்? வீட்டுக்கு வந்த பிறகும் விசாரிக்க ஆட்கள் வந்து போனார்கள். எங்கே வேலை, யாரோடு பழக்கம், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

இவ்வளவையும் கடந்து வந்த ஒருவர் கிளினிக்குக்குள் நுழைகிறார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கொப்பியைத் திறந்து, பேனாவை எடுத்து, "முன்னால் என்ன வேலை செய்தீங்க?" என்று கேட்கிறார். கேட்பவர் நல்ல மனுஷிதான். படிவத்தில் இருக்கிற கேள்வியைத்தான் கேட்கிறார். வந்தவருக்குக் காதில் விழுவது வேறு.

சட்டமும் உதவவில்லை. புனர்வாழ்வுப் பணியகம் அமைக்க 2022இல் கொண்டுவந்த சட்டமூலத்தில் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களோடு முன்னாள் போராளிகளையும் சேர்த்திருந்தார்கள். அது அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே அந்தப் பகுதி எடுக்கப்பட்டு, 2023 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. எடுத்துவிட்டார்கள், நல்லது. ஆனால் போட்ட செய்தி ஊர் முழுக்கப் போனது. எடுத்த செய்தி பாதித் தூரம்கூட வரவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கையின் முதுகெலும்பு இதுதான்: உளவளத்துணை கண்காணிப்பில் இருந்து பிரிக்கப்பட வேண்டும், பிரிந்திருப்பது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். துண்டுப்பிரசுரம் பிறகு அடிக்கலாம்.

சரி, அவரை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

"உங்களுக்கு மன வருத்தம்" என்று தொடங்காதீர்கள். அவரே முறைப்பாடு சொல்கிற ஒன்றைப் பிடியுங்கள். "இஞ்சருங்க, நித்திரைக்கு ஒரு மருந்து கேட்டுட்டு வருவம்" என்று மனைவி சொன்னால் வருகிறவர்கள் இருக்கிறார்கள். "மனே, எனக்குப் பிரஷர் கிளினிக், துணைக்கு வா" என்று கூட்டிப்போய் அங்கேயே டொக்டரிடம் தன் மகனைப் பற்றியும் சொன்ன அம்மாமாரும் இருக்கிறார்கள். ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். உள்ளே போன பிறகு உண்மையைச் சொல்லி, இருப்பதா போவதா என்பதை அவரிடமே விட்டுவிட்டால் எங்களுக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை.

இன்னும் நல்லது, ஏற்கனவே போய் வருகிற பழைய தோழர் ஒருவர் கூட வருவது. அதற்கு ஈடு எதுவும் இல்லை.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். உங்களுக்கும் நித்திரை இல்லைத்தானே?

எங்கே போவது?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் போய்க் கேட்கலாம். வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆதார வைத்தியசாலைகளில் உளநல கிளினிக் நாள் எது என்று ஓபிடியிலேயே விசாரியுங்கள். நாள் மாறலாம் என்பதால் இங்கே எழுதவில்லை. அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்கும் மருந்துக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். குளிசை தர அவருக்கு அதிகாரம் இல்லை. கதைத்து வழிநடத்துவதும், தேவையானால் வைத்தியசாலைக்கு அனுப்புவதும் அவர் வேலை. உங்கள் ஊருக்கு வருகிற குடும்பநல மாதுவிடம் கேட்டாலும் வழி சொல்வார். அவருக்குத் தெரியாத வீடே இருக்காது.

நேரில் போக மனமில்லை என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். 1333 இலக்கத்திலும் உளவளத்துணை கிடைக்கும். இரண்டுக்கும் அழைப்புக் கட்டணம் இல்லை. தமிழில் கதைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உள்ளே போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? பொலிஸுக்குப் போகாதா?

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. நல்ல உளவளத்துணையாளர் முதல் நாளே சண்டைக் கதையைத் தோண்டமாட்டார். நித்திரை, சாப்பாடு, கோபம், குடி, வீட்டு நிலைமை இவற்றில் தொடங்குவார். எந்த அணி, எந்த முகாம், யார் பொறுப்பாளர் என்ற விவரம் எதுவும் சிகிச்சைக்குத் தேவையில்லை. கேட்டால் "அது வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. "ஒரு சண்டையில் என் கூட்டாளி பக்கத்தில் விழுந்தான்" என்பது போதும். இடமும் பெயரும் தேவையில்லை.

கதைத்தது வெளியே போகக்கூடாது என்பது தொழில் ஒழுக்கம். உயிருக்கு உடனடி ஆபத்து, ஒரு பிள்ளைக்கு நடக்கும் கொடுமை, நீதிமன்றக் கட்டளை போன்றவை விதிவிலக்கு. தொடங்கும்போதே "நான் சொல்வதை எங்கே எழுதுவீங்க, யார் பார்ப்பாங்க?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் தொடர வேண்டியதில்லை.

ஒருநாள் வந்து "எல்லாத்தையும் கொட்டுங்கோ, மனம் லேசாகும்" என்று சொல்லி அழவிட்டுப் போகும் நிகழ்ச்சிகளில் கவனமாக இருங்கள். சுனாமிக்குப் பிறகு கடற்கரை முழுக்க அப்படி ஆட்கள் வந்து போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லவைப்பது பின்னாளில் இந்த நோய் வராமல் தடுப்பதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பலன் தருவது, ஒரே ஆளிடம் வாரம் ஒருமுறை, எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு வரை படிப்படியாகப் போகும் சிகிச்சை.

குளிசை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. செர்ட்ராலின், ஃப்ளுஓக்செட்டின் போன்றவை போதை தருவன அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும். "மூன்று நாள் போட்டன், ஒண்டும் இல்ல" என்று விட்டுவிடுவதுதான் நடக்கிற பிழை. திடீரென்று நிறுத்தவும் கூடாது. நித்திரைக்கு என்று பார்மசியில் டயசபாம் வாங்கிப் போடுவதுதான் உண்மையில் பழக்கமாகிவிடும்.

கட்டாடியாரிடம் (சடங்கு செய்யும் பூசாரியிடம்) போய் நூல் கட்டினோம். அது பிழையா?

பிழை இல்லை. போர்க்காலத்தில் பிள்ளை காணாமல் போனபோது எந்த அலுவலகமும் பதில் சொல்லாத தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டார்கள். அவர்கள் அழுவதற்கு இடம் கிடைத்தது அங்கேதான். முஸ்லிம் குடும்பங்கள் ஓதிப் பார்ப்பதும் அப்படித்தான். கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊரோடு போய் நின்றால் ஒருவருக்கு ஆறுதல் வருகிறது என்றால் வரட்டும். இரண்டு விஷயத்தில் மட்டும் நாங்கள் கடுமையாக இருக்கிறோம்: அடிக்கிற, புகை போடுகிற, கட்டி வைக்கிற வேலை கூடாது, அங்கே போவதற்காக டொக்டரின் மருந்தை நிறுத்தவும் கூடாது.

அவருக்கு வருத்தம் இல்லை, குடிதான் பிரச்சினை என்கிறார்கள்.

பலருக்குக் குடிதான் நித்திரை மருந்து. கசிப்போ பியரோ, அடித்தால் கனவு வராது என்று நினைக்கிறார்கள். கொஞ்ச நாளைக்கு அது உண்மையாகவும் படும். பிறகு நித்திரை இன்னும் கெடும், கோபம் கூடும், கடன் ஏறும். குடியை நிறுத்தினால்தான் சிகிச்சை என்று திருப்பி அனுப்புவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை; இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதேநேரம், நாள்தோறும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். டொக்டரிடம் கேட்டுவிட்டே நிறுத்துங்கள். அடி விழுகிற வீடாக இருந்தால் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் பாருங்கள். அவருடைய காயம் உங்களை அடிப்பதற்கு அனுமதி ஆகாது.

இயக்கத்தில் இருந்த பெண்களுக்கு என்ன?

அவர்களைப் பற்றிக் கேட்பதே குறைவு. ஆணைப் பார்த்து "பாவம், பட்டிருக்கிறான்" என்று சொல்கிற அதே ஊர், பெண்ணைப் பார்த்து "அங்க என்னென்ன நடந்துதோ" என்கிறது. கலியாணப் பேச்சில் மறைத்திருப்பார்கள். கணவனுக்கே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. உடம்பில் உள்ள தழும்புக்கு சுனாமிக் கதை ஒன்று வைத்திருப்பார்கள். பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்று உளவளத்துணை கேட்பார்களா? அவர்களுக்குத் தாய்சேய் கிளினிக், தையல் வகுப்பு, மாதர் சங்கம் போன்ற, யாரும் "ஏன் வந்தாய்?" என்று கேட்காத இடத்திலேயே பெண் உளவளத்துணையாளர் இருக்க வேண்டும். மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் தொண்ணூறுகளில் இருந்தே இப்படி வேலை செய்து வந்திருக்கின்றன. அரசு அதைப் படித்தாலே போதும்.

தலையில் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) இருக்கிறது. அதனாலும் இப்படி வருமா?

வரும். செல் துண்டோ வெடி அதிர்ச்சியோ மூளையைத் தாக்கியிருந்தால் மறதி, எரிச்சல், தலையிடி, வலிப்பு எல்லாம் வரலாம். அது மனவடுவோடு கலந்தும் இருக்கும். ஆகவே நரம்பியல் வைத்தியரும் பார்க்க வேண்டும்.

முக்கியமான ஒன்று: எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால் உடலில் உலோகத் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் துண்டை நகர்த்திவிடலாம். சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் எழுதப்படும் என்ற பயம் ஒருவருடைய உயிரையே பணயம் வைக்க வைக்கிறது. "செல் விழுந்து பட்டது" என்று சொல்லுங்கள். இந்த மாவட்டங்களில் செல் விழுந்து பட்டவர்கள் எல்லா வகையிலும் இருக்கிறார்கள். யாரும் மேலே கேட்க வேண்டியதில்லை.

"சாகத்தான் வேணும்" என்று சொல்கிறார். சும்மா சொல்கிறாரா?

சும்மா என்று எடுக்காதீர்கள். "சாக யோசிக்கிறீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. தனியே விடாதீர்கள். 1926க்கு எடுங்கள், ஆபத்து உடனடியானால் 1990 அம்பியுலன்ஸ்.

வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். இலங்கையில் தற்கொலை 1995 அளவில் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு அது பெரிதும் இறங்கியது. கைக்கெட்டும் தூரத்தில் இல்லாததே பல உயிர்களைக் காத்திருக்கிறது. போத்தலைப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் வேறு வீட்டில் வையுங்கள். தற்கொலை முயற்சி 1998இல் இருந்து இங்கே குற்றம் அல்ல. பொலிஸ் கேஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் பிந்தாதீர்கள்.

ஆமிக்காரருக்கு எல்லாம் கிடைக்கிறதே. அவர்களுக்காக நாங்கள் ஏன் கேட்க வேண்டும்?

அரச படையினருக்கும் குடும்பங்களுக்கும் 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. இராணுவ வைத்தியசாலைகள் இருக்கின்றன. எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்போம்.

ஆனால் அம்பாறையின் உட்கிராமங்களில் படையை விட்டு ஓடி வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. பெயர் பதிந்தால் பிடிப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கும் நெடுங்காலம் இருந்தது. ஊர்காவல் படையில் நின்ற முஸ்லிம் விவசாயிக்கும் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. பெயர் கேட்காத கிளினிக் வந்தால் இவர்களுக்கும் சேர்த்தே வரும்.

அப்படியானால் சரியாக என்ன கேட்கிறீர்கள்?

முதலாவது, தூரம். படுவான்கரையில் இருந்து நகரத்துக்குக் காலை பஸ்ஸைப் பிடித்து, கிளினிக்கில் மணிக்கணக்கில் இருந்து, யானை இறங்கும் நேரத்துக்கு முன் வீடு சேர வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு சில ஊர்களுக்குப் பாடு குறைந்தது. உள்ளே போகப் போக நிலைமை அப்படியேதான். பொத்துவிலில் இருந்து கல்முனைக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். நாள்கூலிக்காரர் வாரம் ஒருமுறை வருவாரா? வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, பொத்துவில் போன்ற இடங்களுக்கு உளநலக் குழு கிழமைக்கு ஒருநாள், முடிந்தால் பின்னேரம், வர வேண்டும்.

இரண்டாவது, மொழி. அம்பாறை நகரத்துக்கு அனுப்பினால் சிங்களத்தில்தான் கதை ஓடும். இரத்தம் சோதிக்க அது போதும். மனதைச் சொல்ல மொழிபெயர்ப்பாளரை நடுவில் உட்கார்த்த முடியாது. கிராமத்துச் சிங்களவருக்குத் தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் போவதும் இதே கஷ்டம்தான்.

மூன்றாவது, இடம். பல அலுவலகங்களில் உளவளத்துணை மேசையும் மற்ற மேசைகளும் ஒரே மண்டபத்தில். கதவுள்ள ஓர் அறை வேண்டும். அதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை.

நான்காவது, பதிவு. முன்னாள் போராளியா, படைவீரரா என்ற கேள்வி படிவத்தில் இருக்கக்கூடாது. பாதுகாப்புத் தரப்பு யாரும் கிளினிக் பதிவைக் கேட்டுப் பெறக்கூடாது என்று சுகாதாரத் திணைக்களம் எழுத்தில் அறிவித்து, அதைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

ஐந்தாவது, ஆட்கள். சுனாமிக்குப் பிறகு ஊரில் இருந்தே ஆட்களைத் தெரிந்து பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பும் முறை இந்தக் கரையோரத்தில் நடந்திருக்கிறது. அதை நிரந்தரச் சம்பளத்தோடு மீண்டும் கொண்டுவந்து, அதில் போரில் நின்று மீண்டவர்களையும் சேர்க்க வேண்டும்.

இது புதுமையான யோசனை இல்லை. வியட்நாம் போரில் இருந்து திரும்பிய அமெரிக்கர்கள் பலர் பெரிய அரச வைத்தியசாலைகளுக்குப் போக மறுத்தார்கள், அரசை நம்பவில்லை. தங்களுக்குள் கூடிக் கதைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் விடாமல் கேட்டதால் 1979இல் வைத்தியசாலைக்கு வெளியே, ஊருக்குள்ளே, சிறிய நிலையங்கள் திறக்கப்பட்டன. அங்கே வேலை செய்தவர்களில் பலர் அதே போருக்குப் போய் வந்தவர்கள். அடுத்த ஆண்டுதான் இந்த நோய் அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலேயே ஏறியது. அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை. கதவைத் தனியாக வைக்கும் யோசனைக்குப் பணம் தேவையில்லை.

கிழக்கிலும் முன்மாதிரி உண்டு. 1996இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, யேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் கனேடியரான போல் ஹோகனும் மட்டக்களப்பில் பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வளவில் விளையாடினார்கள். அந்தக் காலத்தில் அது முடிந்திருக்கிறது.

நான் என்ன செய்யலாம்? கடிதம் யாருக்கு எழுதுவது?

போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ். ஊர்களில் உள்ள பிரதேச வைத்தியசாலைகளுக்கு மாகாணத்தின் கீழ் உள்ள பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்; மட்டக்களப்புக்கு ஒருவர். அம்பாறை மாவட்டத்தில் கரையோரத்துக்குக் கல்முனை, உட்பகுதிக்கு அம்பாறை என்று இரண்டு பணிமனைகள் உண்டு. பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர் இந்த இரண்டுக்கும் வெளியே. ஒரு இடத்துக்கு மட்டும் எழுதினால் மற்ற இடத்தைக் கைகாட்டுவார்கள்; மூன்றுக்கும் ஒரே நாளில் அனுப்பி, ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டுக்கும் பிரதி போட்டதைக் குறிப்பிடுங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் வீதி, குளம், யானை வேலியோடு இதையும் நிகழ்ச்சிநிரலில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படியும் கேட்கலாம்: எங்கள் பிரதேசத்தில் உளவளத்துணைப் பதவி எத்தனை, அதில் எத்தனை வெறுமை, உளநலக் குழு கடைசியாக எந்த மாதம் வந்தது? தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கடிதத்தில் நோயாளி யாருடைய பெயரையும் எழுதாதீர்கள், உதாரணத்துக்குக்கூட வேண்டாம். ஊர்ப் பெயர், கிளினிக்குக்கு உள்ள தூரம், கடைசி பஸ் நேரம், வெறுமையாக இருக்கும் பதவி, இவ்வளவும் போதும்.